முன்பாரம், பின்பாரம்

ஒரு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வண்டியை பிரெஞ்சில் 'ரெமோர்க்' என்பார்கள். அதற்குள் படுக்கையும் அடுப்பும் இருந்தால் 'கராவான்'. அறுபதுகளில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வாசகப் புத்தகத்திலேயே இந்தக் கராவான் வந்துவிடும். அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில், பிள்ளைகள் பின்னால், காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு. 'வக்கான்ஸ்' விட்டதும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். 1936-இல் லெயோன் ப்ளூம் அரசாங்கம் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கொடுத்துச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகுதான் சாதாரண ஜனங்களும் அங்கே ஊர் சுற்ற ஆரம்பித்தார்கள் என்று வாத்தியார் சொல்வார். எங்கள் தெருவில் ஓடியதோ மாட்டு வண்டியும் சைக்கிளும்தான். கராவான் என்பது டிக்தே எழுதும்போது எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வார்த்தை, அவ்வளவே.

அது கும்மிடிப்பூண்டியில், என் மகள் வீட்டு வாசலில், என் எழுபத்து நாலாவது வயதில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தது!

வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரி. அவளுக்குப் பார்க்கின்சன்ஸ் வந்து ஆறு வருஷமாகிறது. புதுவை அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, கொஞ்ச காலம் அங்கேயே இருந்தோம். இந்த நோய் வந்த பிறகு மகளோடு இங்கே வந்துவிட்டோம். மாப்பிள்ளை சிப்காட் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அவளுடைய அக்கா புதுச்சேரியிலேயே இருக்கிறார், எண்பத்தெட்டு வயது. அவரால் வர முடியாது, இவளால் போக முடியாது. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இவளுக்கு உடம்பு விறைத்துப்போகும். படுத்து எழ வேண்டும். கழிவறைக்கு அவசரம் வந்தால் நெடுஞ்சாலையில் எங்கே போவது? வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஆம்புலன்ஸ் வைக்கலாமா என்று பேசினோம். "என்னங்க, ஆம்புலன்ஸ்ல போய் இறங்கினா எங்கக்கா அப்பவே போயிடுவாங்க" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மாப்பிள்ளையிடம் இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. எங்களுக்கு அடுத்த ஊர்க்கார வண்டிதான் அது. எல்லை தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில்தான் இசுசு தொழிற்சாலை 2016-இலிருந்து இயங்குகிறது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை, "மாமா, சின்னதா ஒரு கேம்பர் டிரெய்லர் பண்ணிடலாம். உள்ளே ஒரு கட்டில், ஒரு டாய்லெட். அத்தையைப் படுக்க வெச்சே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

அந்தப் பேச்சில் இருந்த 'பண்ணிடலாம்' என்ற வார்த்தையும் 'படுக்க வெச்சே' என்ற வார்த்தையும் எனக்கு ஒத்துவரவில்லை. முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்தவன் நான்.

முதலில் 'பண்ணிடலாம்'. நம் ஊரில் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். எஞ்சின் இல்லையே என்று வாதாட முடியாது. 61-ஆம் பிரிவின்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில் எழுத வேண்டும். பதிவு வேண்டுமென்றால் அதன் வடிவமைப்பை ஒரு சோதனை நிறுவனம் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பட்டறையில் ஒட்டவைத்துக் கொண்டுபோய் நிறுத்தினால் நம்பர் கிடைக்காது. நம்பர் இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் இருக்கின்றன. ஆகவே லாரி போல பெர்மிட் கேட்டு அலைய வேண்டாம். மாப்பிள்ளை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் தேடி, முறையான ஒப்புதலோடும் பதிவோடும் இருந்த ஒரு பழைய டிரெய்லரைப் பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினார். பெயர் மாற்றும் காகிதங்களை நான் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து 'படுக்க வெச்சே'. ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. கராவான்களுக்குப் பேர்போன பிரான்சிலேயே அதற்குத் தடை உண்டு. உள்ளே சீட் பெல்ட் கிடையாது. சுவர் என்பது மெல்லிய தகடு. ஒரு குலுக்கு குலுக்கினால் உள்ளே இருப்பவர் கதி என்ன? "அவ முன்னால பிக்கப்லதான் உட்காருவா. முக்கால் மணிக்கு ஒருதரம் நிறுத்துவோம். நிறுத்தினதும் அவ பின்னால போய்ப் படுக்கட்டும்" என்றேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அவள் தலையாட்டினாள்.

இனி எடை விஷயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வெளிநாட்டில் இந்த டி-மேக்ஸ் பெயரிலேயே ஓடும் வண்டிக்கு இழுக்கும் திறன் மிக அதிகம். ஆஸ்திரேலியாவில், பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை என்று போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை அதைக் காட்டி, "நம்மளோடது எழுநூறு கிலோதானே மாமா" என்றார். ஒரே பெயர் என்பதற்காக அந்த நாட்டுக் கணக்கை இந்த நாட்டு வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின், பட்டா, பின்னால் பொருத்தும் கொக்கி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். நம் வண்டிக்கு எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் கொக்கியை மாட்டினோம்.

இழுக்க முடியுமா என்பது பாதிக் கேள்விதான். இழுக்கும்போது டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வருமா என்பது மீதிப் பாதி. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். மூட்டையைப் பின்னால் அடுக்கினால் பின்பாரம். ஏர்க்கால் மேலே தூக்கும், நுகத்தடி எழும்பும், கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரம். மாடு கழுத்து நோகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கும். கெட்டிக்கார வண்டிக்காரன் ஒரு கையால் ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்து, 'கொஞ்சம் முன்பாரமா இருக்கட்டும்' என்று சொல்லி மூட்டையை நகர்த்துவான்.

டிரெய்லருக்கும் இதே சாஸ்திரம்தான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்குக் கீழே போய்ப் பின்பாரமானால் வேகம் கூடும்போது டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும். ரொம்ப முன்பாரமானால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிப்பு போகும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலைகள் நிறைய. அதனால் எடை மேடைகளும் நிறைய. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி டிரெய்லரை மேடையில் நிறுத்தினோம். 700 கிலோ. லாரி எடை போடும் மேடையில் ஐந்து பத்து கிலோ முன்பின் இருக்கும் என்பதால் கொக்கிப் பாரத்தை அதில் பார்க்க முடியாது. அதற்குக் காயலான் கடைக்குப் போனோம். அங்கே பழைய இரும்பு நிறுக்கும் தராசுத் தட்டின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, டிரெய்லரைச் சமதளமாக நிறுத்தி, அதன் மூக்கைக் கட்டையில் இறக்கினோம். கட்டையின் எடை போக 28 கிலோ. அதாவது நாலே சதவீதம். சுத்தமான பின்பாரம்.

காரணம் உள்ளே போய்ப் பார்த்ததும் தெரிந்தது. கழிவறை பின்பக்கம் இருப்பதால் இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேனையும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பேட்டரியும் பின்னால்தான். கேன்களை ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தோம். பேட்டரியை மூக்குப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினோம். திரும்ப நிறுத்தபோது 76 கிலோ, ஏறக்குறைய பதினொரு சதவீதம். ஒரு கிலோகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை; இடத்தை மட்டும்தான் மாற்றினோம். கடைக்காரர், "பெரியவரே, நீங்க வண்டிக்காரர் வீடா?" என்று கேட்டார். இல்லையப்பா, குமாஸ்தா என்றேன்.

அந்த 76 கிலோ பிக்கப்பின் கணக்கில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், ஏற்றப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்ததுபோல, பின் ஆக்ஸிலில் அது நூறு கிலோவாக இறங்கும். ஆகவே தொட்டியில் ஏற்றியிருந்த பட்டறைச் சாமான்களை இறக்கச் சொன்னேன்.

கடைசியாக டயர். நம் தாலுகாவில் தேர்வாய்க் கண்டிகையில் மிஷ்லென் தொழிற்சாலை இருக்கிறது. பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து அண்ணன் தம்பிகளின் கம்பெனி, லாரி பஸ் டயர் செய்கிறது. பள்ளியில் டயர் அடுக்கிய அந்தக் குண்டு மனிதனின் படத்தைப் பார்த்த எனக்கு இது ஒரு சொந்தக்கார வீடு மாதிரி. அங்கே வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் டிரெய்லர் டயரைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பட்டன் நிறைய இருக்கு, ஆனா வயசாயிடுச்சு" என்றான். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்றே சாவதுதான் அதிகமாம். இரண்டையும் மாற்றினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சென்னை நகரத்துக்குள் போகாமல், நல்லூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூரில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம், அங்கிருந்து புதுச்சேரி. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அறுபதுக்கு மேல் போவதில்லை என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார், காப்பாற்றினார். ஆம்னி பஸ் தாண்டும்போது அதன் காற்று முதலில் டிரெய்லரைத் தள்ளும், பிறகு இழுக்கும். அப்போது பதறி பிரேக் அடிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை மட்டும் விட வேண்டும். பின்னால் எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். ஒரு டீக்கடையில் மாப்பிள்ளை இப்படிப் பின்னால் எடுத்தபோது நாலைந்து லாரி டிரைவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மதுராந்தகம் தாண்டி ஓர் இடத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நிறுத்தினார். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். நான் இறங்கிப் போய்க் கோப்பைக் கொடுத்தேன். பதிவுச் சான்று இரண்டு, இன்சூரன்ஸ் இரண்டு, கம்பெனிக் கடிதம், எடைச் சீட்டு, வரிசையாக, பக்க எண்ணோடு. அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "உள்ளே என்ன சார்?" என்றார். கதவைத் திறந்து காட்டினேன். கட்டிலில் என் மனைவியின் தலையணையும் ஸ்வெட்டரும் இருந்தன. "அம்மா எங்கே போறாங்க?" என்று கேட்டார். அக்காவைப் பார்க்க என்றேன். போங்க சார் என்று வழி விட்டார்.

ஐந்து இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் மகள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைப்பாள். அரை மணி நேரம். மரத்தடியில் கதவு திறந்திருக்கும், மின்விசிறி சுற்றும். பன்னிரண்டே முக்காலுக்குப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

அக்கா வீடு பழைய காலத்து வீடு. தெருவிலிருந்து நாலு படி ஏற வேண்டும். ஏற முடியவில்லை; அவள் கால் வரவில்லை. இரண்டு படிக்கு மேல் தூக்கினால் வலித்தது. என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது அக்காவே கைத்தடியோடு படி இறங்கி வந்துவிட்டார். டிரெய்லரின் வாசற்படி ஒன்றுதான். பேரன் ஏற்றி விட்டான். தங்கையின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, "கதவைச் சாத்துங்க, ஏசியைப் போடுங்க" என்றார். ஏசி கிடையாது என்று சொன்னோம். சரி, விசிறியைப் போடுங்க என்றார்.

இரண்டரை மணி நேரம் உள்ளே இருந்தார்கள். சாப்பாடும் உள்ளேதான் போயிற்று. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வழியில் திண்டிவனம் தாண்டும் வரை அவளும் சொல்லவில்லை. பிறகு, "அடுத்த மாசமும் போலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள். முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளை, "போலாம் அத்தை" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். என் வயதுக்காரர்கள் யாராவது இப்படி ஒன்று வாங்க நினைத்தால், உள்ளே என்னென்ன வசதி என்று பார்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றைப் பாருங்கள், டயரின் நாலு எண்ணைப் பாருங்கள், பிறகு பக்கத்துக் காயலான் கடைக்குப் போய் மூக்கை எடை போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் நாங்கள் இன்னும் போடுகிறோம். போன தடவை அக்காவுக்கென்று என் மனைவி கொடுத்த ஊறுகாய் ஜாடியைக்கூட ஆக்ஸிலுக்கு முன்னால்தான் வைக்கச் சொன்னேன்.