அழையா விருந்தாளி

ஒருவர் மார்பில் துடித்த இருதயம் மற்றொருவர் மார்பிலும் துடிக்கும் என்பதை 1967ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் மெய்ப்பித்துக் காட்டினார். அன்று மாற்று இருதயம் பெற்றவர் பதினெட்டு நாள்களே வாழ்ந்தார். அவரை மாய்த்தது நிமோனியாக் காய்ச்சல். பகை எத்திசையிலிருந்து வரும் என்பதை அந்த முதல் நிகழ்ச்சியே சொல்லிவிட்டது.

உடலுக்கெனக் காவற்படை ஒன்று உண்டு. இரவல் இருதயம் அதன் கண்ணுக்கு அயலானே. அயலானை அது தாக்காதிருக்க, மருத்துவர் மருந்தூட்டி அப்படையை மயங்க வைக்கின்றனர். காவலன் கண்ணயர்ந்தால் கள்வன் நுழைவது இயல்பன்றோ? அதனினும் கொடிது, வீட்டினுள்ளேயே பதுங்கிக் கிடந்தவன் விழித்தெழுவது. சைட்டோமெகாலோ வைரஸ் அத்தகைய கிருமி. வளர்ந்தோருள் பெரும்பாலோர் உடலில் அது ஆண்டுக்கணக்கில் தீங்கேதுமின்றி உறங்குகிறது; காவல் தளர்ந்ததும் பெருகத் தொடங்குகிறது. மாற்று இருதயத்தின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதற்கும் இக்கிருமிக்கும் தொடர்புண்டு என அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் 1989ஆம் ஆண்டிலேயே எழுதினர். கான்சிக்ளோவிர் என்னும் மருந்து வந்தபின் இதனைத் தடுக்க ஓரளவு வழி பிறந்தது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு என்னும் வரையில் கதை இது. விலங்கின் இருதயத்தோடு விலங்கின் கிருமியும் வந்தால்?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தவர் டேவிட் பென்னெட். வயது 57. இருதயம் ஓய்ந்து, இயந்திரத்தின் துணையால் உயிர் தாங்கிக் கிடந்தார். மனித இருதயம் பெறும் தகுதி அவருக்கில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். 2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பால்டிமோர் நகரில், பத்து மரபணுக்கள் மாற்றப்பட்ட பன்றியின் இருதயம் அவருக்குப் பொருத்தப்பட்டது. பன்றியின் இருதயமா என்று முகம் சுளித்தவர் பலர். சாவின் வாயிலில் நிற்பவனுக்கு அந்தக் கூச்சம் ஏது?

இருதயம் நன்றாகவே துடித்தது. பிப்ரவரியில் அவர் தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம் கண்டார். அமெரிக்கர் காற்பந்து என்பது நம் பிள்ளைகள் திடலில் உதைக்கும் ஆட்டமன்று. வீடு திரும்பித் தம் நாயைக் காணவேண்டும் என்று அடிக்கடி சொல்லி வந்தார்.

அறுவை முடிந்து இருபதாம் நாள், அவர் குருதியில் பன்றிகளுக்கே உரிய சைட்டோமெகாலோ வைரசின் தடயம் தென்பட்டது. அளவு மிகச் சிறிது. சோதனைக்கூடத்தின் பிழையாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் முதலில் எண்ணினர். அச்சோதனையின் முடிவு கைக்கு வரவே சுமார் பத்து நாள்கள் பிடித்தன. அதற்குள் கிருமி பெருகிக்கொண்டிருந்தது. பின்னர் மருந்துகள் கொடுத்தும் பயனில்லை. மார்ச் 8ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. பிணத்தை ஆய்ந்தபோது இருதயம் நீர்கோத்து, ஏறத்தாழ இருமடங்கு எடையுடன் காணப்பட்டது. கிருமி ஒன்றே காரணம் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. அவருடைய மெலிந்த உடலையும், சிகிச்சையில் ஏற்றிய எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்தே ஐயுற்றனர். ஆயினும் கிருமியின் பங்கை எவரும் மறுக்கவில்லை.

அறுவைக்கு முன் அப்பன்றியைச் சோதிக்காமலா இருந்தனர்? சோதித்தனர். மூக்கிலிருந்து எடுத்த சளியில் கிருமி இல்லை. அது உடலின் ஆழத்தில் உறங்கிக் கிடந்தது. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாதவன் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்த கதைதான்.

இதில் வருந்தத்தக்க செய்தி வேறொன்றுண்டு. ஜெர்மானிய அறிஞர்கள் பன்றியின் இருதயத்தைப் பபூன் குரங்குகளுக்குப் பொருத்தி ஆய்ந்திருந்தனர். இக்கிருமியுள்ள இருதயம் பெற்றவை ஒரு திங்களுக்கு மேல் வாழவில்லை. கிருமியற்ற இருதயம் பெற்றவற்றுள் ஒன்று 195 நாள்கள் வாழ்ந்தது. இச்செய்தி 2020ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. எழுதப்பட்டது எல்லாம் உரிய வேளையில் உரியவர் உள்ளத்தில் பதிவதில்லை போலும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் அதே மருத்துவமனையில் இரண்டாம் மனிதர் ஒருவர் பன்றியின் இருதயம் பெற்றார். இம்முறை கிருமியைத் தேடும் சோதனைகளைக் கூர்மையாக்கியிருந்தனர். அவரும் ஆறு வாரங்களுக்குள் மறைந்தார். அவர் உடலின் காவற்படை அந்த இருதயத்தை ஏற்க மறுத்துவிட்டது.