ஆர்.சி-யில் பெயர் மாறும்வரை அது அப்பாவின் வண்டிதான்!

எங்கள் வீட்டு மாருதி ஓம்னிக்கு 18 வயது. 2007-ல் அப்பா அதை வாங்கியபோது நான் ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு முன்பு மீட்டரில் 2,31,000 கிலோமீட்டர் காட்டியது. அதில் பெரும்பகுதி திருப்பூரைத் தாண்டாமலே ஓடிய தூரம்.

அப்பா வைத்திருப்பது பத்து மெஷின் போட்ட சின்ன பவர் டேபிள் யூனிட். பனியன் கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் எடுத்து வர, தைத்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க, எல்லாவற்றுக்கும் ஓம்னிதான். பின் சீட்டைக் கழற்றினால் பீஸ் மூட்டை, மாட்டினால் குடும்பத்தோடு பழனி.

அந்த வண்டிதான் மாதம் ஒருமுறை வழியில் நிற்க ஆரம்பித்தது. "இன்ஜின் வேலை மட்டும் 35,000 ஆகுமுங்க. அடித்தகடு துரு தனி" என்றார் மெக்கானிக். 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயானது. எங்கள் வண்டிக்கு அந்த ஜூனில்தான் 15 வயது முடிந்தது. 2025 ஆகஸ்ட்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

"ஓட்டற வரைக்கும் ஓட்டலாம் அம்மிணி" என்றார் அப்பா. "ஏனுங்க, சரக்கோட நடுரோட்டுல நின்னா யாரு தள்றது?" என்றார் அம்மா.

புதுசா, பழசா?

அதே ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால், அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற யூனிட்டுகளில் மெஷின் நிற்கும். அந்த நேரத்தில் புது வண்டிக்கு ஐந்து வருட இ.எம்.ஐ என்ற பேச்சையே அப்பா எடுக்கவிடவில்லை. ஓம்னி 2019-லேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், 2018 மாடல் ஈகோ ஒன்றைப் பார்த்தோம். மீட்டரில் 62,000 கிலோமீட்டர்.

பழைய வண்டியில் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. நாங்கள் பார்த்த வண்டியின் நான்கு டயர்களிலும் 2018-தான் இருந்தது. 62,000 ஓடிய வண்டிக்கு அது பொருந்தியது.

முதல் உரிமையாளர் சென்னைக்காரர் என்பதால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். இல்லை. எம்பரிவாகன் செயலியில் கடன் நிலுவையும் காட்டவில்லை. செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்திருந்ததைச் சொல்லி, "புதுசே இறங்கிருச்சுங்களே" என்று அப்பா பேரம் பேசினார். 3,40,000-க்கு முடிந்தது.

விற்பதில்தான் வந்தது சிக்கல்

ஓம்னியை அப்பாவுக்குத் தெரிந்த, டீத்தூள் லைன் போடும் அண்ணன் 55,000 ரூபாய்க்குக் கேட்டார். "ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணா, பேரு நான் மெதுவா மாத்திக்கறேன்" என்றார். அப்பா பேனாவை எடுத்துவிட்டார்.

நான் நிறுத்தினேன். கைமாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புத் தந்திருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. வாங்கியவர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி யார் மீதாவது மோதினால், இழப்பீடு கேட்டு வரும் நோட்டீஸில் அப்பாவின் பெயரும் இருக்கும். பத்து மெஷினை விற்றாலும் கட்ட முடியாத தொகையாக அது இருக்கலாம்.

"தெரிஞ்ச பையன் அம்மிணி. நம்பாத மாதிரி ஆயிருமே" என்றார் அப்பா. அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஊரில் பாதித் தொழில் வாய் வார்த்தையில்தான் நடக்கிறது.

அதனால் அந்த அண்ணனிடமே பேசினேன். "உங்க பேர்ல ஆர்.சி இல்லைன்னா, நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆனா இன்ஷூரன்ஸ்ல நீங்க கேட்க முடியாதுங்கண்ணா. பாலிசியையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாளைக்கே போயிரலாமுங்க" என்றார். மறுநாள் படிவம் 29, 30 இரண்டையும் வெற்றிடம் விடாமல் நிரப்பி, இருவரும் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் எழுதிய கடிதத்தில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் செயலியில் ஓம்னியின் நம்பரைப் போட்டபோது அந்த அண்ணனின் பெயர் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு, "இப்பத்தான் வித்த மாதிரி இருக்குது" என்றார்.

உங்கள் வீட்டிலும் எப்போதோ விற்ற பைக்கோ காரோ இருக்கலாம். அதன் நம்பரை இன்றைக்கே செயலியில் போட்டுப் பாருங்கள். பெயரில் சில எழுத்துகள் மறைந்திருந்தாலும், அது உங்கள் வீட்டுப் பெயரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.