தலைமுடியும் தன்மானமும்

வட அமெரிக்காவின் பூர்வகுடிகளுள் டகோட்டா மக்கள் ஒரு சாரார். அவர்கள் தலையில் சூடும் கழுகிறகு வெறும் அலங்காரமன்று. அருஞ்செயல் புரிந்தவருக்குச் சமூகம் அளிக்கும் மரியாதை. கூந்தலும் அத்தகையதே. நீள வளர்த்துப் பின்னலிடுவது அவர்தம் மரபு. இழவு கண்டோர் அதனைக் குறைப்பர்; ஒட்ட வெட்டிய தலையோ கோழைக்கு அடையாளம்.

அம்மக்களிடையே 1876இல் பிறந்தவர் ஸிட்கலா-ஷா அம்மையார். 1884இல், எட்டு வயதில், இண்டியானா மாநிலத்துப் பள்ளியொன்றுக்குச் சென்றார். அங்கே கட்டிலடியில் ஒளிந்த அச்சிறுமியை இழுத்து வந்து, நாற்காலியில் கட்டிவைத்துப் பின்னலை வெட்டினர். 1900இல் அவர் வெளியிட்ட நினைவுக் கட்டுரையில் இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

காரணம், நாமும் அவ்வாறு செய்ததுண்டு. பல்லாண்டுகளுக்கு முன், மதரஸாவில் ஒரு சிறுவனின் நீண்ட முடியை ஒழுங்கின் பெயரால் வெட்டச் செய்தோம். அவன் அழவில்லை; குனிந்த தலையை நிமிர்த்தவுமில்லை. நோயுற்ற மகனுக்காகத் தாய் நேர்ந்து வளர்த்த முடி அது என்பதைப் பின்னரே அறிந்தோம். நேர்ச்சை சரியா, தவறா என்பது வேறு விஷயம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அடியானுக்கு இழைத்த குறையை அவ்வடியானே மன்னிக்க வேண்டும் என்பது நாமே ஓதிக்கொடுத்த பாடம். அச்சிறுவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.