இரைச்சலின் பூர்வீகம்

பாஸ் கிதாரின் அடிக்கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அதற்கடுத்த கம்பி 55. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 50. அதாவது, சுவருக்குள் ஓடும் கரண்டின் சுருதி இந்த வாத்தியத்தின் முதலிரண்டு கம்பிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அடிக்கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (வீணையில் மெட்டு என்போமே, அது) அழுத்தினால் 49. வித்யாசம் ஒன்றுதான்; இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒருமுறை ஓர் அலை எழுந்து தாழும். சாதாரண கிதாரில் இந்த உறுமலை ஓரளவு வடிகட்டித் தள்ளலாம். பாஸில் வடிகட்டினால் வாத்தியமே கூடப் போய்விடும்.

இன்னொன்று. 2013 டிசம்பர் 31 அன்றுதான் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்கோடு ஒரே அலைவில் இணைந்தது. அதுவரை தெற்கு தன் சுருதியில் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. இப்போது சென்னை வீட்டு உறுமலும் தில்லி வீட்டு உறுமலும் ஒன்று. தேசிய ஒருமைப்பாடு வேறெதிலும் இவ்வளவு துல்லியமாகக் கைகூடியதாக எனக்குத் தெரியவில்லை.

வாத்தியம் என் அக்கா மகனுடையது. பெரம்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிக்கிறான். லியோ ஃபெண்டரின் கம்பெனி 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பாஸைப் பார்த்துச் செய்த நகல். அதில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக்கம்பி பல ஆயிரம் சுற்று, அவ்வளவே. இந்தச் சுருளுக்குப் பாரபட்சம் கிடையாது. கம்பியின் அதிர்வையும் டியூப்லைட் சோக்கின் காந்தப்புலத்தையும் ஒரே மரியாதையுடன் வாங்கிக்கொள்ளும். ஜாஸ் பாஸில் இரண்டு சுருள்கள், எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டையும் சமமாகத் திறந்துவைத்தால் வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்தால் மற்றதன் உறுமல் தலைதூக்கும்.

"பிக்கப்பையே மாத்திடலாமா, மாமா?" என்றான். கடையில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நோய் எங்கே என்று பார்க்குமுன் உறுப்பை மாற்றும் வைத்தியம் இது. நம் புத்தக மதிப்புரைகளிலும் இதற்குப் பஞ்சமில்லை.

பாஸின் வால்யூமை முழுக்க மூடினோம். இரைச்சல் நின்றது, ஆகவே ஆம்பும் ஒயரும் நிரபராதிகள். திறந்து, வாத்தியத்தை மடியில் வைத்தபடி அவனை மெல்லத் திரும்பச் சொன்னேன். கீழ்ஸ்தாயி உறுமல் ஒரு திசையில் பெருகி, ஜன்னல் பக்கம் திரும்பியதும் ஏறக்குறைய மறைந்தது. அது காந்தப்புலத்தின் வேலை, திசைக்குக் கட்டுப்பட்டது. ஆனால் அதன்மேல் இன்னொரு இரைச்சல், வண்டு துளைப்பதுபோல், எந்தத் திசைக்கும் மசியாமல் நின்றது. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது அதன் குரல் மாறியது.

கம்பிகளைத் தொட்டால் இந்த இரண்டாவது இரைச்சல் அடங்கவேண்டும். இவன் தொட்டபோது கூடியது. ஒயரின் முனையிலுள்ள ஜாக்கின் உலோகத்தைத் தொட்டபோது சட்டென்று அடங்கியது. விஷயம் பிடிபட்டது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் ஒரு மெல்லிய ஒயர் அழுந்தியிருக்கும். அதுதான் கம்பிகளை ஜாக்கின் உலோகத்தோடு சேர்க்கிறது. பிரிட்ஜைக் கழற்றினோம். ஒயரின் முனையில் பச்சையாகக் களிம்பு. சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் அதே செம்புக் களிம்புதான். அவர்களுடையது செம்போடு பிறந்தது, இது வியர்வையில் வந்தது. சுரண்டி, புதுச் செம்பு தெரியச் செய்து, ஈயம் வைத்து, பிரிட்ஜைத் திரும்ப முடுக்கினோம். கம்பியில் விரல் பட்டதும் வண்டு ஓய்ந்தது.

இதில் என்னைத் தொந்தரவு செய்தது ஒன்று உண்டு. அந்த இரைச்சலில் பெரும்பங்கு வாத்தியத்தினுடையதல்ல, வாசிப்பவனுடையது. சுவர் ஒயர்களின் மின்புலத்தை மனித உடம்பு ஓர் ஏரியல் மாதிரி வாங்கி, பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கம்பியைத் தொட்டதும் அதே உடம்பு வாத்தியத்தின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. இரைச்சலைக் கொண்டுவந்தவனே அதற்குத் திரையாகிறான். கையை எடுத்தால் மறுபடி வண்டு.

அன்று சாயங்காலம், வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று வாசித்தவன் கையை உதறினான். "சுர்ர்ருங்குது, மாமா." ஒயர் சேராதிருந்த வரையில் கம்பிகள் அநாதைகள். இப்போது அவை ஆம்பின் உலோகச் சட்டத்தோடு உறவு. சட்டத்துக்கு மண்ணோடு உறவு இருக்கிறதா என்பதே கேள்வி. ஆம்பின் பிளக்கைப் பார்த்தேன். மேலே இருக்கவேண்டிய தடித்த பின் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஆம்பை மிக்ஸரோடு இணைத்தபோது உறுமியதாம். சவுண்டு சர்வீஸ்காரர் எர்த் பின்னைக் கழற்றியிருக்கிறார். உறுமல் நின்றதாம். நிற்கும், இரண்டு எர்த்துகளுக்கு நடுவே சுற்றும் கரண்ட் வளையத்தில் ஒன்றை அறுத்தால் நிற்கத்தான் செய்யும். சிக்னல் ஒயரின் நடுவே சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு பெட்டியைப் போட்டாலும் நிற்கும். மலிவானது பின்னைக் கழற்றுவது.

1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸீயில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி கிதாரோடு மேடையில் நின்று, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். அங்கேயே இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், சொந்த வீட்டில், எர்த் சரியில்லாத கிதாரால். இரைச்சலை அடக்கும் ஒயரும் ஆளைக் கொல்லும் ஒயரும் வேறல்ல என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? பெயர்களையும் வருஷங்களையும் மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அக்கா, வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் புதிய பிளக் போட்டோம். சுர்ரென்றது நிற்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, பிளக் பாயிண்டில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். எரியவில்லை. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருந்தது. வீட்டின் பின்புறம் எர்த் குழிவரை போயிருந்தது. குழி சிமெண்டுக்கு அடியில் வறண்டு கிடந்தது. உடைத்து, குழாயை மாற்றி, கரியும் உப்பும் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பல்பு எரிந்தது. அக்கா பெட்டியைத் திறந்து கொடுத்தாள்.

ஒற்றைப் பிக்கப்பில் வாசிக்கும்போது அந்தக் கீழ்ஸ்தாயி உறுமல் இன்னும் இருக்கிறது. அதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். வெயில் காலத்தில் எர்த் குழி காயக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் போனார். கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு செம்பு ஊற்றுகிறாள் அக்கா.