எவ்வளவு ஏறியது?

பீடோரைப் பலருக்குக் கொய்யாவாலும் வாத்து மீயாலும்தான் தெரியும். கோலாலம்பூரிலிருந்து பழைய சாலையில் ஈப்போவுக்குப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது வாங்காமல் ஊரைத் தாண்டுவது அபூர்வம். நான் தேடிப் போனது, முன்பு ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் நிலத்தை ஒட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையை. பட்டறைக்காரர் தோட்டத்துப் பிள்ளை. பெயரைப் போட வேண்டாம் என்றார்.

மேசையில் யமஹா 135 எல்சி மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. 54 மி.மீ. போர், 58.7 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு வால்வு. காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் செதுக்கிச் சீராக்குவதுதான் போர்ட்டிங். கிரைண்டர் அவர் கையில் இருந்ததைவிடக் கீழே இருந்ததுதான் அதிகம். விரலை உள்ளே விட்டுத் தடவுகிறார், டார்ச் அடித்துப் பார்க்கிறார், மறுபடி தடவுகிறார்.

“ஓட்டையப் பெருசாக்குங்கன்னுதான் எல்லாரும் வர்றானுங்க அண்ணே. பெருசாக்குனா காத்து வேகம் கொறஞ்சிரும். கீழ் சுத்துல மோட்டார் இழுக்காது.”

அவர் நேரமெல்லாம் வால்வு சீட்டிலும் அதற்குச் சற்று முன்னால் காற்று திரும்பும் உள்வளைவிலும்தான் போகிறது. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது இடுக்கு அங்கேதான். வால்வு தன் குறுக்களவில் கால் பங்கு உயர்ந்தால், சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பும் வால்வின் முகப்பரப்பும் சமமாகிவிடும். 19 மி.மீ. வால்வுக்கு அது 4.75 மி.மீ. அதுவரை போர்ட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பெரும் பலன் கிடையாது.

செதுக்கியதைச் சோதிக்கும் ஃப்ளோ பெஞ்சை அவரே செய்திருக்கிறார். வாக்குவம் கிளீனர் மோட்டார்கள், பலகைப் பெட்டி, நிறத் தண்ணீர் ஊற்றிய யு வடிவக் குழாய். அளவு தெரிந்த துளையுள்ள தகட்டை முதலில் வைத்து, வழக்கமான எண் வருகிறதா என்று பார்த்த பிறகே ஹெட்டை ஏற்றுகிறார். பெரிய பெஞ்சுகளில் 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் அளப்பார்கள். இவருடைய மோட்டார்கள் 10 அங்குலத்துக்கு மேல் தாங்காது. காற்றோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போவதால் 1.67ஆல் பெருக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு மில்லிமீட்டர் திறப்புக்கும் ஓர் எண், பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால்.

அந்த எண்ணைக் காட்டி அவர் பணம் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பெஞ்சில் காற்று ஒரே சீராகப் போகிறது. இன்ஜினிலோ, 8,500 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4,250 முறை திறந்து மூடுகிறது. பெஞ்சில் ஜெயித்த ஹெட் சாலையில் தோற்கலாம். அதனால் வண்டியின் திறனை அளக்கும் டைனோவைத் தேடி ஈப்போவுக்குப் போகிறார்.

டைனோவில் பின்சக்கரம் ஒரு கனமான உருளையைச் சுழற்றும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுவார்கள். டயர்க் காற்று, இன்ஜின் சூடு, வண்டியைக் கட்டிய வாரின் இறுக்கம் எல்லாம் கணக்கை அசைக்கும். வெப்பம், ஈரப்பதத்துக்கான திருத்தத்திலும் வித்தியாசம் உண்டு. எஸ்.ஏ.ஈ. ஜே607 என்ற பழைய முறை, ஜே1349 முறையைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 15 குதிரைத்திறன் வண்டியில் அது 0.6. ஹெட்டைத் தொடாமலே கிடைக்கும் ‘லாபம்’!

அதனால் கழற்றாத ஹெட்டோடு காலையில் மூன்று ஓட்டம், அதே நாளில் அதே டைனோவில் புது ஹெட்டோடு மூன்று ஓட்டம். கூடுதல் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலையும் கூட்டியாக வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

“பழைய ஹெட்டையும் நல்லா ட்யூன் பண்ணித்தான் ஓட்டணும். இல்லன்னா கார்புரேட்டர்ல கெடச்ச பவர ஹெட்டு கணக்குல எழுதிருவோம்.”

உச்சத்தில் ஒரு குதிரைத்திறன் கூடி, நடுச்சுற்றில் ஒன்றரை குறைந்தால் தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு அது நஷ்டம். 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் போன்ற பந்தயங்களில் கணக்கு வேறு. அங்கே சுற்று கீழே இறங்குவதே குறைவு. சாலையில் ஓடும் வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது என்பதையும் தம்பிமார்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

ஹெட்டுக்குக் காசு கொடுக்கப் போகிறீர்களா? முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் கேளுங்கள்; தேதியும் திருத்த முறையும் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.