கீரையும் பருப்பும்

புணே மாநகரை ஒட்டி, பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்த ஊர் சாங்வி. ஆற்றுக்கு அப்பால் காட்கியில் 1869-ஆம் ஆண்டிலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பிம்பிரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவப்பெற்றது. பின்னர் ஆலைகள் பல பெருகின. பிழைப்பு நாடி இப்பகுதிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் நம் குடும்பமும் ஒன்று.

வந்த புதிதில் அரிசி கிடைத்தது. பருப்பும் புளியும் கிடைத்தன. கீரைதான் நம்மைத் திகைக்க வைத்தது. அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று நாம் கேட்க, சந்தையில் கூடையோடு அமர்ந்திருந்த மூதாட்டி விழித்தார். அவரை ‘மாவ்ஷி’, அதாவது தாயின் உடன்பிறந்தாள், என அழைப்பது இவ்வூர் வழக்கம். பெயர் உதவாதபோது கண்ணும் மூக்கும் உதவின. இலையைக் கிள்ளி முகர்ந்து ஒவ்வொன்றாய் இனங்கண்டோம். அம்பாடி என்பது நம் புளிச்சகீரை, மேத்தி வெந்தயக்கீரை, மாட் தண்டுக்கீரை, அளூ சேம்பின் இலை. பருப்புக்கீரைக்கு இங்கே ‘கோள்’ என்று பெயர். பெயர்தான் கோளேயன்றிக் குணத்தில் குறையொன்றும் இல்லை. கட்டு என்பதை ‘ஜுடி’ என்று சொல்லக் கற்றதும், விலை பேசக் கற்றதும் அக்கூடையின் முன்னேதான்.

பக்கத்து வீட்டு அம்மையார், சேபு எனப்படும் சதகுப்பைக் கீரையைப் பாசிப்பருப்போடு சமைத்துத் தந்தார். சேம்பிலையோடு கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் சேர்த்து, புளியும் வெல்லமும் இட்டுச் சமைப்பதையும் அவரிடமே கண்டோம். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட கூட்டை நாம் அவருக்குக் கொடுத்தோம். கிண்ணங்கள் வெறுமையாய்த் திரும்பியதில்லை.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்புமின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறது ஒரு குடும்பம். அவர்கள் நாணியது வறுமைக்கு. இன்றோ, உப்பும் நெய்யும் குறைவற நிறைந்த வீட்டுப் பிள்ளைகள் கீரைச்சோற்றை டிபன் பெட்டியில் கொண்டுசெல்ல நாணுகின்றனர். விருந்தினர் வந்தால் மசியலை உள்ளே ஒளித்துவிட்டுப் பனீரைப் பரிமாறும் இல்லங்களும் உள்ளன. கதவடைப்பு வேறு வகையில் தொடர்கிறதன்றோ?

நாணத்தக்க உணவா இது? நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாயுள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் கிடைக்கிறது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி துணைசெய்கிறது. அதன் கரோட்டின் சேர்வதற்குத் தாளிக்கும் எண்ணெயோ நெய்யோ வேண்டும். நம் பாட்டியர் இச்சொற்களை அறியார், செய்முறையை அறிவர்.

அச்செய்முறையும் எளிதே. கீரையை மண் போக மும்முறை அலசி, அதன்பின் அரிதல் நன்று. பருப்பு மலர வெந்ததும் கீரையைச் சேர்த்து, மூடாமல் வேகவிட்டால் பசுமை மங்காது. புளி சேர்ப்பதாயின் பருப்பு வெந்த பின்னரே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் பருப்பு எளிதில் வேகாது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். வெப்பம் வைட்டமின் சி-யை அழிக்கும்.

வரும் ஞாயிறன்று பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துச் செல்வோம். அங்கே அம்பாடி என்று கேட்டு வாங்கட்டும். வீட்டில் புளிச்சகீரை என்று சொல்லி நம்மோடு அமர்ந்து ஆயட்டும். தன் கையால் ஆய்ந்த கீரையை ஒதுக்கும் பிள்ளை அரிது. விருந்தினர் வரும் நாளிலும் அக்கீரை மசியலையே இலையில் முதலில் பரிமாறுவோம்.