சீருடையும் தலைப்பாகையும்

அலுவலகத்தில் விதிகளோடு வாழ்பவன் நான். ஆயினும் தில்லியில் என் மகனின் சாரணர் சீருடையே விதியின் பொருளை எனக்கு உணர்த்திற்று. சாம்பல் நிறச் சட்டையின் இடப்பக்கப் பை நடுவே உறுப்பினர் சின்னம் அமைய வேண்டும். கழுத்திலணியும் முக்கோண ஸ்கார்ஃப் வெறும் அழகுக்கன்று. முறிந்த கையைத் தாங்கிக் கட்டவும் அதுவே உதவும். ஆதலின் அதைக் கசங்காமல் மடித்து, உடனே கழற்றும்படி வளையத்துள் செருகுதல் வேண்டும்.

தனித்தனியே இயங்கிய சாரணர் சங்கங்கள் 1950இல் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. அதன் விதிகள் எல்லோருக்கும் தொப்பி வகுத்தபோதும், சீக்கியச் சிறுவனுக்குத் தலைப்பாகையை அனுமதித்தன. அணிவகுப்பில் அவனருகே நிற்கும் நம் பிள்ளையை ‘மதராஸி’ என்று உடையால் பிரித்தறிய இயலாது. ஆனால் ஒன்றி நிற்பதற்காக அவன் வீட்டுத் தமிழைக் களைய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போதே, பெற்றோர் இதனையும் சொல்லி அனுப்புவோமாக.